நிமிடத்துக்கு அறுபது

மூடியின் கடைசித் திருகாணியும் கழன்று கைக்கு வந்துவிட்டது. கோமதிநாயகம் அதைத் தட்டில் போடாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். போட்டுவிட்டால் அடுத்து மூடியைத் தூக்க வேண்டும், மூடியைத் தூக்கினால் குனிய வேண்டும், குனிந்தால் நெஞ்சு மெஷினுக்கு நேராக வரும், எத்தனை அங்குலம், பத்து இருக்குமா, எட்டா. இரண்டாம் ஆபரேஷன் தியேட்டரில் ஏசி இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. காலையில் முதல் ஆபரேஷனிலேயே இந்தக் காட்டரி மெஷின் மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தது. பென்சில் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பெடலை மிதித்தால் நுனியில் மின்சாரம் வந்து சதையை அறுக்கும், ரத்தம் கசிகிற இடத்தைச் சுட்டு அடைக்கும், தொடையில் ஒட்டிய தகடு வழியாக மெஷினுக்கே திரும்பிவிடும். அவ்வளவுதான் இதன் சங்கதி. ஆனால் மிதித்தபோது வராமல், மிதித்து மிதித்து அலுத்த பிறகு வந்தால் என்ன செய்வது. டாக்டர் சங்கரநயினார் பென்சிலை மாற்றிப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார், அப்புறம் நூல் போட்டுக் கட்டிக் கட்டியே அந்த ஆபரேஷனை முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றி வாளியில் எறிந்து, “கோமதியைக் கூப்பிடு” என்றாராம், ஆஸ்பத்திரி மெஷின்களுக்கெல்லாம் ரிப்பேர் பார்ப்பவன் அவன்தான். ஆக, கோளாறு வெளியில் இல்லை, உள்ளே. பக்கத்துத் தியேட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது மெஷின் உதிரிபாகம் வராமல் ஒரு மாதமாகத் துணி போர்த்திக் கிடக்கிறது. அடுத்த ஆபரேஷனுக்கு ஆள் வெளியே வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் படுத்தாகிவிட்டது. “அண்ணாச்சி, குனிஞ்சு கிடக்காதீங்க, ஆபரேஷன் பண்ணின வயிறு. நான் வேணா மூடியைத் தூக்கட்டா?” என்றாள் எப்சிபா சிஸ்டர். பதினாறு வருஷமாக இந்தத் தியேட்டருக்கு அவள்தான் பொறுப்பு. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வயிறு. இவர்கள் எல்லோரும் அவனுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வயிற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. குடலிறக்கம் என்று அவன்தான் சொல்லிவைத்தான். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றவன் அப்படியே சரிந்து, கண் விழித்தபோது யாரோ சோடாவை முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தது, மதுரையில் ஒரு டாக்டர் இசிஜி தாளை நீட்டிப் பிடித்து, இதயத்தின் மேல் அறை சொல்வது கீழ் அறைக்குக் கேட்கவே இல்லை என்றது, இடது தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கீறி ஒரு தீப்பெட்டி அளவில் பேஸ்மேக்கர் வைத்துத் தைத்தது, எல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த டாக்டர், “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டபோது ஏன் அப்படி வாயில் வந்தது என்று இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. “ஸ்டோர்ஸ்ல இருக்கேன் சார்.” அவரும், “நல்லது, வெல்டிங் பக்கம் மட்டும் போகாதீங்க” என்று பேஸ்மேக்கர் விவரம் எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இங்கே வந்து குடலிறக்கம். வீட்டில், “அந்த மெஷின் கிட்ட போக மாட்டீங்கல்ல?” என்று தினமும் சோற்றுப் பாத்திரத்தை மூடும்போது கேட்கிற மனைவி மங்கையிடம், “ஏசியும் கட்டிலும்தான் பாக்கேன்.” மூன்று பேருக்கு மூன்று பொய், ஒன்றுக்கொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். போன வருஷம் லிஃப்ட் ஆபரேட்டருக்கு வலிப்பு வந்ததும் ஸ்டோர்ஸில் போர்வை எண்ண உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அந்த மனிதர் இப்போதும் லிஃப்ட் நின்றுபோனால் எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறார். அதை நினைத்தால் கோமதிநாயகத்துக்கு உள்ளங்கை வேர்க்கும். உள்ளங்கை வேர்க்கிறது, ஆனால் நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்வதில்லை. இதுதான் அவனுக்கு இன்னும் பழகாத விஷயம். பயந்தால் படபடவென்று அடிக்க வேண்டிய சாமான் இப்போது நிமிடத்துக்கு அறுபது, தூங்கினாலும் அறுபது, சிரித்தாலும் அறுபது, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும் அறுபது. வைத்தவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரோ சாகக் கிடக்கும்போது பக்கத்து அறையில் ஒருத்தன் நிதானமாகச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடுகிற மாதிரி.

திருகாணியைத் தட்டில் போட்டான். மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தான். உள்ளே பச்சைப் பலகைகள், செம்புச் சுருள், தடித்த சிவப்பு ஒயர், இருபது வருஷமாகப் பார்த்த வீடு. நோயாளிக்குப் பதிலாக அளக்கும் பெட்டி ஒன்றை மெஷினோடு இணைத்தான். மெஷின் விடுகிற மின்சாரத்தை அது வாங்கிக்கொண்டு எத்தனை வாட் வந்தது என்று எண்ணில் சொல்லும். பிறகு மேசையின் அந்தக் கோடிக்குப் போய், இடது தோளைப் பின்னால் வாங்கி, வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்று, “மிதிங்க சிஸ்டர்” என்றான். மெஷின் கூவியது. அறுபதுக்கு வைத்தால் ஐம்பத்தெட்டு. நூறுக்குத் தொண்ணூற்றெட்டு. நூற்றிருபதுக்கு நூற்றுப் பதினேழு. ஐந்து விநாடி, பத்து விநாடி, இம்மிகூட ஆடவில்லை. இந்தச் சவத்து மெஷின் டாக்டரிடம் மட்டும் முரண்டு பிடிக்குமாம், அவனிடம் சாதுவாம். “நல்லாத்தானே இருக்கு” என்றாள் சிஸ்டர். நல்லாத்தான் இருக்கிறது. மெஷின் சரியாக இருக்கிறது என்று ஒட்டுகிற பச்சைச் சீட்டை எடுத்து இன்றைய தேதியைப் போட்டு ஒட்டிவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது, அளந்த எண்கள் அத்தனையும் நிஜம். மூடி திறந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று மனசு ஒரு பக்கம் ஓடுகிறது. நாலடி தள்ளி நின்றால் என்ன ஆகும், கிட்டப் போனால்தானே என்று இன்னொரு பக்கம். விட்டு விட்டு வருகிற கோளாறு இப்படித்தான் இருக்கும், அவனுக்குத் தெரியாதா. எங்கேயோ ஓர் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறது, சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு: மெஷின் ஓடும்போதே உள்ளே தலையைக் கொண்டுபோய், மங்கையிடமிருந்து வாங்கி வந்த ஸ்வெட்டர் பின்னும் பிளாஸ்டிக் ஊசியால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்ப்பது. தலை போனால் நெஞ்சும் போகும். நர்ஸ்களுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுப்பவனே அவன்தான். நோயாளிக்கு பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் காட்டரியின் இரைச்சலை அது இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும், சரி இதயமே துடிக்கிறது நமக்கென்ன வேலை என்று சும்மா இருந்துவிடும். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். சும்மா இருந்துவிடும். எவ்வளவு நேரம்? இரைச்சல் நிற்கிற வரைக்கும். அவனுடைய சொந்த இதயத்தை நம்பினால் நிமிடத்துக்கு முப்பது, அதுவும் நிச்சயமில்லை.

“ஒரு நிமிஷம் சிஸ்டர், வெளிய போய்ட்டு வாரேன்.” கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் குழாயடியில் கையைக் கழுவினான், இன்னொரு தடவை கழுவினான். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மாள் தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், பச்சை அங்கிக்குள் கைகள் மெலிந்து கிடந்தன. கழற்றிய தாலிக் கயிற்றுக்குப் பதில் கழுத்தில் ஒட்டிய துணிப்பட்டையில் பெயரும் ஆபரேஷனும்: ஆவுடைத்தங்கம், கர்ப்பப்பை. பக்கத்து பெஞ்சில் அவள் மகள், மடியில் அம்மாவின் செருப்புகளை ஒரு பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு. “தம்பி, நீங்கதான் மெஷின் பாக்க வந்தவகளா?” “ஆமாம்மா.” “என்ன செய்யுதாம் அதுக்கு?” உடம்புக்கு முடியாத ஆளை விசாரிப்பது போலவே கேட்டாள். “விட்டு விட்டு வருது.” “எனக்கும் அப்படித்தான். பத்து மாசமா விட்டு விட்டுப் போவுது. வெளிய தெருவ போக முடியல, ஒரு கல்யாண வீட்டுல உக்கார முடியல. இன்னைக்காவது இது முடிஞ்சிரும்னு வந்து படுத்தேன். ராத்திரி எட்டு மணியிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல.” மகள், “சும்மா இரும்மா” என்றாள். “இருக்கட்டும்ளா. தம்பி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். பாதியில நின்னுபோனா என்ன செய்வாக?” நின்னுபோகாது என்று சொல்ல வாயெடுத்தான். பச்சைச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. கர்ப்பப்பை எடுக்கும்போது இரு பக்கமும் இருக்கிற ரத்தக் குழாய்கள் எத்தனை தடிமன் என்று அவனுக்குத் தெரியும், காலையில் டாக்டருக்கு வாய்த்தது ஒரு சின்ன ஆபரேஷன். பத்து மாசமாக ரத்தம் இழந்துகொண்டிருக்கிறவள், உடம்பில் என்ன மிச்சம் இருக்கும். “இன்னும் பாத்து முடிக்கலம்மா. முடிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றான். “பைய பாருங்க. அவசரமில்ல” என்றாள் அவள், அவனுக்குத்தான் பயம் என்று கண்டுபிடித்துவிட்டவள் போல. அவள் நெஞ்சு அங்கிக்கு மேலேயே தெரியும்படி அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது, நம்ப முடியாத விஷயம், அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே வந்தான். இனி யோசித்தால் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஊசியை எடுத்தான். இரண்டு விநாடி, இரண்டே விநாடி, இரண்டு விநாடிக்கு யார் செத்தார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்கிற நேரம், அதற்குள் ஒரு ஐந்து இணைப்பைத் தட்டிவிடலாம், மங்கை இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், அட்டை பர்ஸில் இருக்கிறது, விழுந்தால் எடுத்துப் பார்ப்பார்கள், பார்க்காமலா போவார்கள். “சிஸ்டர், நான் சொன்னதும் மிதிக்கணும், சொன்னதும் விட்டிரணும்.” “சரி அண்ணாச்சி.” குனிந்தான். ஈயமும் தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. “மிதிங்க.” மெஷின் கூவியது. ஊசி நுனி சிவப்பு ஒயரின் அடியைத் தொட்டது, அதற்கு அடுத்ததைத் தொட்டது, அப்போது நெஞ்சுக்குள் ஒரு படி குறைந்த மாதிரி, இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் இல்லாமல் போகுமே அந்த மாதிரி, ஏசியின் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய், “விடுங்க” என்று சொன்னானா நினைத்தானா, ஊசி கீழே விழுகிற சத்தம் கேட்டது, அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எப்சிபா சிஸ்டர் பெடலை விட்டுவிட்டு ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள், உதடுகள் அசைந்தன. நெஞ்சில் படி குறைந்தது நிஜமா, பயம் செய்த வேலையா என்று அவனுக்குத் தெரியவில்லை, இனி ஒருபோதும் தெரியப்போவதும் இல்லை. சிஸ்டர் எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். பிறகு கையை விடாமலேயே அவன் முகத்தைப் பார்த்தாள். “சட்டை முழுக்க நனைஞ்சிருக்கு. உதடு வெளுத்துக் கிடக்கு. பயந்த ஆளுக்கு நாடி நூத்திப் பத்து, நூத்தி இருபது ஓடணும். உங்களுக்குச் சரியா அறுபது. ரெண்டு தடவையும் அறுபது.” அவள் ஒரு விரலால் அவனுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே சட்டைமேல் தொட்டாள், தீப்பெட்டி தட்டுப்பட்டது. “குடலிறக்கம்” என்றாள். “அப்படித்தானே சொன்னீங்க, நானும் மூணு மாசமா உங்களை ஒரு நாற்காலியைத் தூக்க விடல.” அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது, வந்தது சிரிப்பு. “ஸ்டோர்ஸுக்கு அனுப்பிருவாங்க சிஸ்டர்.” “ஸ்டோர்ஸுக்குப் போனா வீட்டுக்குப் போகலாம். இப்படிக் கிடந்தா எங்க போவீங்க? உங்க வீட்டம்மாகிட்ட நான்ல பதில் சொல்லணும்.” அதட்டல்தான், ஆனால் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

“மெஷின் என்ன ஆகும்?” என்று அவன் கேட்டான். அதுதான் இரண்டு பேருக்கும் முன்னால் கிடந்தது. “நான் தட்டுதேன்” என்றாள். “கூடாது. திறந்து கிடக்கு, கை தவறினா நீங்க போயிருவீங்க.” “எவ்வளவு தள்ளி நின்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது?” “ரெண்டடின்னு சொல்லுதாங்க. நாலடி இருந்தா நிம்மதி.” சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெளியே போனாள். திரும்பி வந்தபோது தரை துடைக்கிற மாப்பின் பிளாஸ்டிக் குச்சி கையில் இருந்தது, துணியைக் கழற்றி, கழுவி, துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். கீழே கிடந்த பின்னல் ஊசியை எடுத்துக் குச்சியின் நுனியில் வைத்து, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியால் சுற்றினாள், நாலு சுற்று, ஐந்து சுற்று, ஆட்டிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக எத்தனை கணக்குப் போட்டிருப்பான், எந்தப் பக்கம் நிற்பது, எந்தக் கையை நீட்டுவது, எப்படி மூச்சைப் பிடிப்பது, ஒரு நீளமான குச்சி போதும் என்று ஏன் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், ஆனால் குச்சியைக் கையில் எடுத்தால் ஏன் குச்சி என்று யாராவது கேட்பார்கள். நாலடிக்கு அப்பால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆவுடைத்தங்கத்தின் தொடைக்கு ஒட்ட வேண்டிய தகடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, கண் அங்கே போனது, மீட்டுக்கொண்டு வந்தான். “நீங்க மிதிச்சுக்கிட்டே எண்ணைப் படிங்க.” மெஷின் கூவியது. “நூத்திப் பதினேழு” என்றாள் சிஸ்டர். “நூத்திப் பதினேழு. நூத்திப் பதினாறு. நூத்திப் பதினேழு.” சிவப்பு ஒயரைத் தாண்டினான். செம்புச் சுருளின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிறுத்தி ஆறவிட்டு மறுபடியும். நெஞ்சைக் கேட்டுக்கொண்டே தட்டினான், இருக்கிறதா, இருக்கிறது, இருக்கிறதா. பென்சில் ஒயரைச் செருகுகிற துளைக்குப் பின்னால், பலகையின் விளிம்பில், ஒரு பட்டாணி அளவு ஈயப்பற்று. குச்சி அதைத் தொட்டதும் மெஷினின் கூவல் மாறவே இல்லை, ஆனால் சிஸ்டர், “முப்பத்தொண்ணு!” என்று கத்தினாள். “போயிருச்சு! இப்ப ஒண்ணுமே இல்ல, சைபர்.” குச்சியை எடுத்தான். “நூத்திப் பதினேழு.” தொட்டான். “சைபர்.” “போதும், விடுங்க.”

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் வடிகிற வரைக்கும் பொறுத்து, ஈயம் பற்றவைக்கிற கோலைச் சூடாக்கி, பழைய பற்றை உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தான். அதில் அவனுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. மூடி போட்டு மறுபடியும் அளந்தார்கள், நாற்பது தடவை, சூடேறிய பிறகு இன்னும் பத்து. நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது டாக்டர் சங்கரநயினார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “என்ன கோமதி, ஆச்சா?” என்றவர் மூலையில் சாய்த்திருந்த குச்சியைப் பார்த்தார், நுனியில் பிளாஸ்திரியும் ஊசியும். “என்ன இது?” எப்சிபா சிஸ்டர் கருவிகளை அடுக்கப் போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விநாடி ஆனது. “எனக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கு சார்” என்றான் கோமதிநாயகம். சொல்லிப் பார்த்தால் அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். “எப்ப?” “மூணு மாசம்.” “அதுக்கப்புறம் எத்தனை காட்டரி பாத்தே?” “மூடி போட்டு பதினோரு தடவை. திறந்து இன்னைக்குத்தான்.” “யார் வெச்சது? அவர் நம்பர் எனக்கு வேணும். உன் வேலை என்னன்னு அவருக்குத் தெரியாது, அப்படித்தானே?” தலையை ஆட்டினான். “ஒழுங்கா எழுதிக் கொடு. ஸ்டோர்ஸா இல்லையான்னு அவரைக் கேட்டுக்கிட்டுத்தான் பேசணும். அதுவரை மிதிக்கிற நேரத்துல நீ உள்ள நிக்கக் கூடாது. அந்தக் குச்சியை யாரும் தூக்கிப் போட்டுராதீங்க. இப்ப வெளிய போ.” “சார், முதல் தடவை மிதிக்கும்போது மட்டும்,” என்று இழுத்தான். ரிப்பேர் பார்த்த மெஷின் முதல் ஆளின்மேல் ஓடும்போது அவன் உள்ளே நிற்காமல் இருந்ததே இல்லை. “வெளிய” என்றார்.

ஸ்ட்ரெச்சர் அவனைக் கடந்து உள்ளே போனது. ஆவுடைத்தங்கம் கண்ணாலேயே கேட்டாள். “மெஷின் நிக்காதும்மா” என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கதவு மூடியது. உள்ளே எப்போது மிதிப்பார்கள் என்று தெரியாது, சத்தம் இங்கே கேட்காது, எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் கிடையாது. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான், திரும்ப நடந்தான், குளிர்ந்த ஈயம் சரியாகப் பிடித்திருக்குமா, பிடித்திருந்ததே, ஐம்பது தடவை பார்த்தோமே, நூறு தடவை பார்த்திருக்கலாம். “உக்காருங்க சார்” என்றாள் அந்த மகள், செருப்புப் பையை மடிக்கு இழுத்து இடம் விட்டு. உட்கார்ந்தான். “உள்ள என்ன செஞ்சுக்கிட்டிருப்பாங்க?” “தெரியலம்மா” என்றான், அது உண்மைதான். ஒரு ஆயா வாளியோடு உள்ளே போனபோது இருவருமே நிமிர்ந்தார்கள், அவள் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, மங்கையின் பெயரைத் தேடி, வைத்து, மறுபடியும் எடுத்து, “சாயங்காலம் வந்து ஒண்ணு சொல்லணும். பயப்படாதே” என்று அனுப்பினான். பயப்படாதே என்று எழுதினால் பயப்படுவாள் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு பாதி திறந்தது. எப்சிபா சிஸ்டர் தலையை நீட்டினாள், நெற்றியில் தொப்பி அழுத்திய தடம். “ஆவுடைத்தங்கம்கூட வந்தவங்க யாரு?” என்று கூப்பிட்டாள். செருப்புப் பையோடு அந்தப் பெண் எழுந்தாள். கோமதிநாயகமும் எழுந்து நின்றான்.